விட்டுப்போன ஒரு பெயர்: பெர்ல் எஸ். பக் எழுதிய தாயும் தந்தையும்

1

வயதான மிஷனரி ஒருவர் தன் வாழ்க்கைக் கதையை எழுத உட்காருகிறார். அரை நூற்றாண்டு காலம் சீனாவில் ஊழியம் செய்தவர். கழுதையிலும் படகிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றவர். வசையும் அடியும் வாங்கியவர். கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டைச் சீனத்துக்குக் கொண்டுவந்தவர். இத்தனையையும் எழுதி முடித்தபோது மொத்தமே 25 பக்கம்தான் வந்திருந்தது. மகள் அதை அரைமணி நேரத்தில் வாசித்து முடித்துவிடுகிறாள். தனக்குத் திருமணமானதை அப்பா ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார். பிறந்த பிள்ளைகளை ஓரிடத்தில் பட்டியலிட்டிருக்கிறார். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. ஐந்து வயது வரை வாழ்ந்து இறந்துபோன ஒரு மகன். அம்மாவுக்கு மிகவும் பிடித்த பிள்ளை அவன்தான்.

பெர்ல் எஸ். பக் தன் தந்தையைப் பற்றி எழுதிய 'ஃபைட்டிங் ஏஞ்சல்' நூலில் வரும் இடம் இது. இதைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்துவதில்லை. 'பாருங்கள், எப்படிப்பட்ட மனிதர்!' என்று நம்மைப் பார்த்துக் கேட்பதுமில்லை. அந்த 25 பக்கமும் ஓர் ஆத்மாவின் கதை, அதில் உடம்புக்கும் வீட்டுக்கும் இடமில்லை என்ற தொனியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

தந்தை அந்தப் பெயரை மறைக்கவில்லை, மறந்துவிட்டார். மறைப்பவனுக்குக் குறைந்தபட்சம் அது நினைவிலாவது இருக்கும். எப்படி ஒருவரால் இதை மறக்க முடிந்தது என்ற கேள்வியோடுதான் பெர்ல் பக் தன் பெற்றோரைப் பற்றி எழுதிய இரண்டு நூல்களையும் நான் வாசித்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

2

தமிழ் வாசகர்களுக்கு பெர்ல் பக் என்றால் 'தி குட் எர்த்' நாவல்தான். 1931-ல் வெளிவந்தது, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. 1938-ல் நோபல் பரிசு கொடுத்தபோது சீன விவசாயிகளைப் பற்றிய நாவல்களோடு இந்த இரண்டு வாழ்க்கை வரலாறுகளையும் சேர்த்தே ஸ்வீடிஷ் அகாதமி பாராட்டியது. நாவல் நின்றுவிட்டது, வாழ்க்கை வரலாறுகள் பின்னுக்குப் போய்விட்டன.

அவருடைய தந்தை அப்சலோம் சைடன்ஸ்ட்ரிக்கர், தாய் கரோலின். இருவரும் மேற்கு வர்ஜீனியா பகுதியைச் சேர்ந்தவர்கள். 1880-ல் திருமணம் முடித்த கையோடு தெற்கு பிரஸ்பிட்டேரியன் சபையின் மிஷனரிகளாகச் சீனாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஹாங்ஜோவில் தொடங்கி, பெரிய கால்வாய்க் கரையிலுள்ள சிங்ஜியாங்பூ, பிறகு யாங்ட்ஸி நதிக்கரையில் ஜென்ஜியாங் என்று ஊர்கள் மாறின. ஏழு பிள்ளைகள் பிறந்தன. நான்கு இறந்தன. 1890-ல் சில வாரங்களுக்குள் இரண்டு பிள்ளைகளைப் புதைக்க வேண்டியிருந்தது. தாய் 1921-லும் தந்தை 1931-லும் சீன மண்ணிலேயே இறந்தார்கள். நூல்களில் தந்தையின் பெயர் ஆண்ட்ரூ, தாய் கேரி. நானும் அப்படியே அழைக்கிறேன்.

தாயைப் பற்றிய 'தி எக்ஸைல்' அவர் இறந்த சமயத்திலேயே எழுதப்பட்டது. வெளியிடும் எண்ணத்தோடு எழுதியதல்ல. பல ஆண்டுகள் வீட்டிலேயே கிடந்து 1936-ல் அச்சானது. அதே ஆண்டில் 'ஃபைட்டிங் ஏஞ்சல்' வந்தது. அதாவது ஒன்று துக்கத்தின் ஈரம் காயாமல் எழுதியது. இன்னொன்று 'தி குட் எர்த்' நாவலை எழுதிப் பழகிய கை எழுதியது. இந்த வித்தியாசம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

3

'தி எக்ஸைல்' முழுக்க வீடுதான். பசிபிக்கைக் கடக்கும்போதெல்லாம் குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி எடுக்கும் ஒரு பெண், எந்த ஊரில் எந்த வீடு கொடுத்தாலும் முதலில் சுண்ணாம்பு அடிக்கிறாள், ஜன்னலுக்குத் திரை தைக்கிறாள், தன் நாட்டுப் பூச்செடிகளை நட்டுத் தோட்டம் போடுகிறாள். செடி பூக்கும் நேரத்தில் 'கர்த்தர் வேறு ஊருக்கு அழைக்கிறார்' என்று கணவன் வந்து நிற்கிறான். திரும்பவும் மூட்டை கட்டு, திரும்பவும் சுண்ணாம்பு. காசநோய் வந்து, ஊருக்குத் திரும்பிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோதுகூட, கணவனின் வேலை கெட்டுவிடும் என்று சீனாவின் வடக்குக் கடற்கரையிலேயே தங்கித் தேறிக்கொள்கிறாள்.

கேரி மிஷனரியானதே ஒரு பேரத்தில்தான். இளமையில் தாயின் மரணப் படுக்கையருகே, கடவுள் தனக்கு ஓர் அடையாளம் காட்டினால் வாழ்க்கையையே அவருக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறாள். வாழ்க்கையைக் கொடுத்துவிட்டாள், அடையாளம்தான் கடைசிவரை வரவில்லை. ஆண்ட்ரூவுக்கு ஒரு நாள்கூடச் சந்தேகம் வந்ததில்லை. ஒரே வீட்டில், ஒரே ஜெபத்தில், ஒருவருக்குக் கடவுள் எப்போதும் இருக்கிறார், இன்னொருவருக்கு அவர் பதில் சொல்வதே இல்லை. இந்த நூலில் வரும் நோயையும் மரணங்களையும்விட இதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

நூலின் மிகச் சிறந்த இடம் ஒரு வறட்சிக் கோடையில் வருகிறது. அந்நியர்கள் வந்ததால்தான் தெய்வங்களுக்குக் கோபம், மழை இல்லை என்று ஊரில் பேச்சு. ஆண்ட்ரூ வெளியூரில். இரவில் கூட்டமாக வந்து கொல்லப்போகிறார்கள் என்று தெரியவருகிறது. கேரி ஓடவில்லை, கதவைத் தாழிடவும் இல்லை. வீட்டைப் பெருக்கி, கேக் செய்து, கோப்பைகளை அடுக்கி, பிள்ளைகளுக்கு நல்ல துணி உடுத்தி விளையாட விட்டு, கதவை விரியத் திறந்து வைத்துத் தையல் வேலையோடு உட்கார்ந்துகொள்கிறாள். வந்தவர்களை 'உள்ளே வாங்க, உட்காருங்க, டீ சாப்பிடுங்க' என்கிறாள். கத்தியோடு வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். அன்றிரவே மழையும் பெய்கிறது.

இந்தக் காட்சியில் அவள் பயன்படுத்துவதெல்லாம் தினசரி வீட்டு வேலை. துடைப்பம், மாவு, கோப்பை, ஊசி. ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. ஊழியம் என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான சித்திரம் மிஷனரி எழுத்தில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் மிஷனரி அறிக்கைகளில் இப்படியான ராத்திரிகளுக்குப் பத்தி கிடையாது. ஞானஸ்நானம் எத்தனை, சபைகள் எத்தனை, விற்ற வேதப்புத்தகம் எத்தனை என்பதற்குத்தான் பத்தி உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் 'தி எக்ஸைல்' முழுமையான நூல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது அம்மாவுக்காக மகள் ஆஜராகும் வழக்கு. தன்னையே படர்க்கையில் 'கம்ஃபர்ட்', அதாவது ஆறுதல், என்று அழைத்துக்கொண்டு எழுதுகிறார் பெர்ல். ஆறுதல் சொல்ல வந்தவரால் விசாரிக்க முடியாது. கேரியின் கோபம்கூட அழகாகவே வருகிறது. அமெரிக்காவைப் பற்றிய அவளது கனவுகள், சீனத் தெருக்களைக் கண்டு அவளுக்கு வந்த அருவருப்பு இரண்டும் கேள்வியில்லாமல் கடந்துபோகின்றன. ஐம்பது பக்கத்தைக் குறைத்திருந்தால் கேரி இன்னும் பெரியவளாகத் தெரிந்திருப்பாள்.

4

'ஃபைட்டிங் ஏஞ்சல்' வேறு மாதிரி. தான் முழுமையாக நேசிக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதும்போது பெர்ல் பக் நல்ல எழுத்தாளராகிவிடுகிறார். பாசம் செய்ய முடியாததை இந்த விலக்கம் செய்கிறது. ஆண்ட்ரூவை அவர் திட்டுவதில்லை, வேடிக்கை பார்க்கிறார்.

மதமாற்றப் பரப்பளவுக்காக மிஷனரிகள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டைகள் இந்த நூலின் நகைச்சுவைச் சுரங்கம். ஒற்றைக்கண் பாப்டிஸ்ட் ஒருவர் வருகிறார். ஆண்ட்ரூ தெளிப்பு ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்த ஆட்களை, 'தண்ணிய தெளிச்சா போதுமா? முங்கி எழணும்' என்ற கணக்கில் அவர் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். கடவுளின் தளபதிகள் இருவர் ஒரு குளத்தின் ஆழத்துக்காக வருடக்கணக்கில் மோதிக்கொள்கிறார்கள். நம்மூர் சபைத் தகராறுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை வாசிக்கும்போது சிரிப்பை அடக்க முடியாது.

ஆனால் பெர்ல் சிரிப்போடு நின்றுவிடுவதில்லை. 1858-ன் தியான்ஜின் உடன்படிக்கை, மிஷனரிகள் உள்நாட்டில் பயணம் செய்யும் உரிமையைப் பீரங்கி முனையில் பெற்றுத் தந்தது. அன்பைப் போதிக்க வந்தவர்களின் முதுகுக்குப் பின்னால் ஆற்றில் போர்ப்படகு நின்றிருந்தது. ஆண்ட்ரூ தனிப்பட்ட முறையில் பயம் அறியாதவர். அவர் மீது கை வைத்தால் என்ன நடக்கும் என்பது எதிரில் நின்ற சீனனுக்குத் தெரியும் என்பதை அவர் யோசித்ததே இல்லை. இதைச் சொல்லும் பெர்லே 1932-ல் நியூயார்க்கில் பிரஸ்பிட்டேரியன் பெண்கள் பெருந்திரளாகக் கூடிய இடத்தில், வெளிநாட்டு மிஷன்களுக்கு நியாயம் உண்டா என்று கேட்டுப் பேசியவர். அதையொட்டி எழுந்த பிரச்சினையில் 1933-ல் மிஷன் பொறுப்பிலிருந்து விலகினார். அந்தப் பேச்சிலிருந்த கோபம் இந்த நூலில் வடிந்து ஒரு மனிதனின் சித்திரமாகியிருக்கிறது.

பிறகு அந்தப் புதிய ஏற்பாடு. ஆண்ட்ரூ மொழியறிஞர், சீன வாக்கிய அமைப்பைப் பற்றி நூல் எழுதியவர். இருந்த மொழிபெயர்ப்புகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. தானே மொழிபெயர்த்தார். சரி. அச்சடிக்கப் பணம்? மிஷன் தரும் சொற்பச் சம்பளத்திலிருந்துதான். ஒவ்வொரு பதிப்புக்குப் பிறகும் திருத்தம், திரும்ப அச்சு. அந்தப் பணத்துக்காக வீட்டில் வாங்காமல் போனவற்றைப் பெர்ல் எண்ணிச் சொல்கிறார். அதிலொன்று தபால் வணிக கேட்டலாக்கில் பார்த்து ஏங்கிய ஒரு பெரிய பொம்மை. கிறிஸ்துமஸ் தோறும் எதிர்பார்த்த பொம்மை, வரவே இல்லை.

இந்த இடத்தில் எனக்கு 'தி குட் எர்த்' நினைவுக்கு வந்தது. வாங் லுங்கின் மனைவி ஓ-லான் தன் வாழ்நாளில் தனக்கென்று கேட்டு வைத்துக்கொண்டது இரண்டே முத்துகள். அவள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது கணவன் வந்து அதைக் கேட்டு வாங்கிப்போய் ஆசைநாயகிக்குக் கொடுக்கிறான். அவள் ஒன்றும் சொல்வதில்லை, துவைப்பதை நிறுத்துவதும் இல்லை. அந்தக் காட்சியைச் சீனப் பெண்களின் அவலம் என்றே எல்லோரும் வாசிக்கிறோம். 'ஃபைட்டிங் ஏஞ்சல்' படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முத்துகள் பெர்லின் சொந்த வீட்டிலிருந்தும் போயிருக்கின்றன. போன இடம்தான் வேறு. எடுத்தது காமத்துக்காக என்றால் நமக்குத் திட்ட வார்த்தை இருக்கிறது. வேதாகமத்துக்காக என்றால் என்ன சொல்வது?

5

1944-ல் இரண்டு நூல்களும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு 'தி ஸ்பிரிட் அண்ட் தி ஃபிளெஷ்' என்ற தலைப்பில் வந்தன. ஆவியும் மாம்சமும். அப்பா ஆவி, அம்மா மாம்சம். என் முக்கியமான கருத்து வேறுபாடு இந்தத் தலைப்போடுதான். இது புனித பவுலின் பிரிவினை. பவுலின் போதனையால்தான் தாயின் இயல்பு மங்கிப்போனது என்று பவுலையே வெறுத்த மகள், கடைசியில் பெற்றோரை அதே பவுலின் அளவுகோலால் இரண்டாகப் பிரித்து அட்டையில் போட்டுவிட்டார்.

நூல்கள் சொல்வது வேறு. பிள்ளை செத்த சீனத்திகள் கேரியிடம்தான் வந்து அழுதார்கள். அவள் பெண்களுக்கு மருந்து கொடுத்தாள், எழுத்து சொல்லிக்கொடுத்தாள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் நான்கு போயிருந்ததால் அவளுக்கு அந்த மொழி தெரியும். ஆண்ட்ரூ தெருவில் நின்று பேசியது ஊழியம், கேரி திண்ணையில் உட்கார்ந்து கேட்டது குடும்ப வேலை என்று எப்படிப் பிரிப்பது?

1927-ல் நான்ஜிங்கில் கலவரம் வந்தபோது, எழுபது தாண்டிய ஆண்ட்ரூவையும் மகள் குடும்பத்தையும் ஓர் ஏழைச் சீனப் பெண் தன் ஒற்றை அறைக் குடிசையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினாள். பெர்லிடம் முன்பு உதவி பெற்றவள் அவள். யாரும் அவளுக்குப் பிரசங்கம் செய்து அவள் கதவைத் திறக்கவில்லை. கேரி வாழ்ந்த விதம் ஆண்ட்ரூவின் உயிரைக் காப்பாற்றியது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். அப்போது கேரி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று நகரின் மீது குண்டு வீசியவை ஆற்றில் நின்ற அந்நியப் போர்க்கப்பல்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் தப்பியதில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

நமக்கும் இது புதிதல்ல. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தை, 1856 என்ற ஆண்டோடு சேர்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் ஏராளம். இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து அவர்கள் கையில் காசு புழங்கச் செய்த எலைசா கால்டுவெல்லைச் சொல்பவர்கள் குறைவு. அவர் நாகர்கோவில் மிஷனரி மால்ட் தம்பதியின் மகள், இந்த மண்ணில் வளர்ந்தவர். திருநெல்வேலிப் பக்கம் போதகரின் மனைவியை 'ஐயரம்மா' என்பார்கள். மரியாதையான சொல்தான். இருபது வருடம் அந்த அம்மாவிடம் ஓய்வுநாள் பள்ளிப் பாட்டு படித்தவர்களிடம் அவர் பெயர் என்னவென்று கேட்டுப் பாருங்கள்.

பெர்ல் பக்கிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். வாங் அம்மா என்ற ஆயா அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரையும் தூக்கி வளர்த்தவள், இறந்தவர்களுக்காகக் கேரியோடு சேர்ந்து அழுதவள். அவள் கதை 'தி எக்ஸைல்' நூலில் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் தந்தைக்கு ஒரு நூல், தாய்க்கு ஒரு நூல் எழுதிய மகள் மூன்றாவதை எழுதவில்லை.

6

ஆண்ட்ரூவை வெறுக்க என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் இலக்கியம் மட்டுமல்ல. நான் மென்பொருள் வேலை செய்பவன். சில ஆண்டுகள் வெளிநாட்டில் ஆன்சைட்டில் இருந்தேன். மனைவி தன் வேலையை விட்டுவிட்டு டிபெண்டென்ட் விசாவில் வந்தாள். அங்கே அவளுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. மூன்று வருடத்தில் இரண்டு ஊர், மூன்று அபார்ட்மென்ட். ஒவ்வொன்றிலும் பால்கனியில் கறிவேப்பிலை வளர்க்க முயன்றாள். ஒரு குளிர்காலத்தில் பையனுக்கு நிமோனியா வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதே காலாண்டில்தான் ஒரு பெரிய ரிலீஸ். அந்த வருட அப்ரைசலுக்கு நான் எழுதிய சுயமதிப்பீடு என் பழைய மெயிலில் இன்னும் இருக்கிறது. மூன்று பக்கம். 'சவால்கள்' என்ற தலைப்பின் கீழே டேட்டாபேஸ் மைக்ரேஷன் வருகிறது. அலுவலகப் படிவத்தில் பையனின் நிமோனியாவை எதற்கு எழுத வேண்டும், நியாயம்தான். ஆனால் அந்த டிசம்பரைப் பற்றி இன்று யோசித்தால் எனக்கும் மைக்ரேஷன்தான் முதலில் ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரியின் எத்தனையாவது மாடி என்றுகூட மனைவியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

25 பக்கக் கதையை அவளிடம் சொன்னேன். 'அவ்வளவு மோசமான அப்பாவா?' என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அதெல்லாம் ஞாபகம் வச்சிருந்தா அந்தாளால ஊர் ஊரா போய் வேலை பாத்திருக்க முடியுமா? அதுக்குத்தான் அந்தம்மா இருந்திருக்கா."

இரண்டு நூல்களையும் பற்றி நான் யோசித்ததையெல்லாம் இந்த ஒரு வாக்கியம் நேராக்கிவிட்டது. பெர்ல் பக் இதை ஆவிக்கும் மாம்சத்துக்குமான பிரிவு என்று நினைத்தார். உண்மையில் அது ஒரு வேலைப் பங்கீடு. ஆண்ட்ரூவுக்கு நித்தியம், கேரிக்கு ஞாபகம். எந்தச் செடி எந்த ஊரில் பூத்தது, எந்தப் பிள்ளை எந்த ஊரில் புதைக்கப்பட்டது என்பதையெல்லாம் அவள் சுமந்ததால்தான் அவர் எதையும் சுமக்காமல் நடக்க முடிந்தது. அவரது அபாரமான நிச்சயம், சந்தேகமே இல்லாத அந்த விசுவாசம், அவருடைய ஆத்மாவின் வலிமை மட்டும் அல்ல. அதன் செலவை இன்னொருவர் கட்டிக்கொண்டிருந்தார்.

கேரி 1921-ல் இறந்ததும் அந்த வேலை மகளுக்கு வந்தது. துக்கத்தோடு துக்கமாக அவர் உடனே எழுத உட்கார்ந்தது அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. 'தி எக்ஸைல்' தளர்வாக இருப்பதும் அதனால்தான். அது நூலாக எழுதப்படவில்லை, எதுவும் விட்டுப்போய்விடக் கூடாது என்று எழுதப்பட்டது. ஐம்பது பக்கத்தைக் குறைத்திருக்கலாம் என்று மேலே சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. விமர்சகனாக அது சரிதான். ஆனால் குறைக்கச் சொன்ன பக்கங்களில் எதையெல்லாம் குறைத்திருப்பேன் என்று மறுபடி புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் வீடுகள், தோட்டங்கள், பிள்ளைகளின் காய்ச்சல்கள். ஆண்ட்ரூவும் அவற்றைத்தான் விட்டுவிட்டார்.

இரு கல்லறைகளும் தள்ளித் தள்ளி இருந்தன. கேரி ஜென்ஜியாங்கில், நகரத்துக்குள். ஆண்ட்ரூ லூஷான் மலையில், மேகம் தொடும் உயரத்தில். அந்தப் பட்டியலில் விட்டுப்போன பையனின் பெயர் கிளைட். தாயைப் பற்றிய நூலில் அது இருக்கிறது.